கொதிக்கும் எஞ்சினும் குளிரும் காற்றும்



ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குத் திரும்பும் வண்டிகள் கடற்பாலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அதுவரை ஓட்டத்தில் சில்லென்று வீசிய குளிர்சாதனக் காற்று, வண்டி நின்று கால் மணி நேரம் ஆனதும் வெதுவெதுப்பாகிறது. பின் இருக்கையில் குழந்தை சிணுங்குகிறது. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் மெல்ல மேலே ஏறுகிறது. ஓட்டுநர் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை நகர்கிறது. வண்டி வேகம் எடுத்ததும் முள் இறங்குகிறது. காற்றும் மறுபடி குளிர்கிறது. “கேஸ் குறைந்திருக்கும், நாளைக்கு ஏற்றிக்கொள்வோம்” என்று அவர் தமக்குத் தாமே முடிவு கட்டிக்கொள்கிறார்.

மறுநாள் கேஸ் ஏற்றப்படுகிறது. பணமும் செலவாகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை, அதே பாலம், அதே தொல்லை.

இந்த ஓட்டுநர் எங்கே தவறினார்? அவருடைய வண்டி அவரிடம் தெளிவாகவே ஒரு செய்தி சொன்னது. நிற்கும்போது நோய், ஓடும்போது நலம் என்பதே அந்தச் செய்தி. அந்த ஒரு குறிப்பைக் கொண்டே பழுது எங்கே இருக்கக்கூடும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் குறிப்பின் பொருள் விளங்க வேண்டுமானால், காருக்குள் விசிறி ஏன் வந்தது, குளிர்சாதனம் எப்போது வந்தது, இவை இரண்டும் எப்படி ஒன்றையொன்று சார்ந்து நிற்கத் தொடங்கின என்ற வரலாற்றை அறிந்திருக்க வேண்டும். இன்றைய உரையில் அந்த வரலாற்றைக் காண்போம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலின் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பல வேளைகளில் அதற்கும் குறைவான பங்கே, உருப்படியான வேலையாக மாறுகிறது. இன்னொரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. மீதி வெப்பத்தை எஞ்சினிலிருந்து எடுத்து வெளியே கொட்டியாக வேண்டும். இல்லையேல் உலோகம் விரிந்து, எண்ணெய் பிடிப்பை இழந்து, எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இதற்குக் கையாண்ட வழி மிக எளியது. எஞ்சினைச் சுற்றி நீர் இருந்தது. நீர் சூடேறிக் கொதித்து ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போனது. போன நீருக்கு ஈடாக ஓட்டுநர் புது நீரை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரு புதல்வர்களையும் அழைத்துக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் நகருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் அந்த வண்டியிலேயே பயணம் செய்தார். மோட்டார் வாகன வரலாற்றில் முதல் நெடும்பயணமாகப் போற்றப்படுவது அதுதான். வழி நெடுகிலும் அவர் அடிக்கடி நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் நிரப்ப வேண்டியிருந்தது. ஆகவே, வழியில் நின்று காருக்குத் தண்ணீர் ஊற்றும் அனுபவம் காரோடு கூடவே பிறந்தது என்று சொல்லலாம்.

ஊற்றிய நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த ஒரு வழி வேண்டும் என்று அறிஞர்கள் எண்ணினர். சூடான நீரை மெல்லிய குழாய்களில் ஓடவிட்டு, அக்குழாய்களின்மேல் காற்று படுமாறு செய்தால் நீர் ஆறிவிடும். ஆறிய நீரை மறுபடி எஞ்சினுக்கு அனுப்பலாம். இந்தக் கருவிதான் ரேடியேட்டர். நம் ஊர்ப் பேச்சில் தண்ணீர்த் தொட்டி. பெயர் தொட்டி என்றாலும், நீரைச் சேர்த்து வைப்பதற்காக அது ஏற்பட்டதன்று. நீரை ஆறவைப்பதற்காக ஏற்பட்டது.

இத்துறையில் பெரும் திருப்பத்தை உண்டாக்கியவர் வில்ஹெல்ம் மைபாக் என்ற பொறியியல் மேதை. டைம்லர் நிறுவனத்துக்காக அவர் 1900ஆம் ஆண்டில் உருவாக்கிய 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வண்டியில் தேன்கூடு போன்ற அமைப்புடைய ரேடியேட்டர் ஒன்றைப் பொருத்தினார். 6 மில்லிமீட்டர் சதுர வாயுள்ள 8,070 சிறு குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்து அது செய்யப்பட்டது. காற்றுப் படும் பரப்பு பன்மடங்கு கூடியதால், முன்னைவிடக் குறைந்த நீரே போதுமானதாயிற்று. அத்துடன் அவர் நிற்கவில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறியையும் அமைத்தார்.

வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்து நீரை ஆற்றிவிடும். அப்போது விசிறிக்குப் பெரிய வேலை இல்லை. வண்டி மெதுவாக ஊரும்போதும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வண்டி நிற்கும்போதும் எதிர்க்காற்று கிடையாது. அந்த நேரத்துக்காகவே விசிறி. இதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கடற்பாலத்தில் நின்ற ஓட்டுநரின் புதிருக்கு விடை இந்த 1900ஆம் ஆண்டு வண்டியிலேயே இருக்கிறது.

1908ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட டி மாடல் கார், 1927வரை ஒன்றரைக் கோடி வண்டிகளுக்குமேல் உற்பத்தியாயிற்று. ஆரம்பத்து வண்டிகள் சிலவற்றைத் தவிர, அதில் தண்ணீரைச் சுற்றிவர வைக்கும் பம்பு கிடையாது. சூடான நீர் மேலே எழும், ஆறிய நீர் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியே நீரைச் சுழலச் செய்தது. எஞ்சினோடு இணைந்த பெல்ட் ஒன்று விசிறியைச் சுழற்றியது. பிற்காலக் கார்களில் நீரை விரைவாகச் செலுத்தப் பம்பு சேர்ந்தது. எஞ்சின் போதிய சூடு அடையும்வரை நீரைத் தடுத்து வைக்கத் தெர்மோஸ்டாட் என்னும் தானியங்கிக் கதவு சேர்ந்தது. நீரை அழுத்தத்தில் வைக்கும் இறுக்கமான மூடி சேர்ந்தது.

இந்த மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடிய நிலையில் அழுத்தம் கூடும்போது, ஏறத்தாழ 120 டிகிரிவரை கொதிக்காமல் இருக்கும். எஞ்சினுக்கு இது நன்மை. ஆனால் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் நீங்கி, உள்ளிருக்கும் நீர் முழுவதும் ஒரே நேரத்தில் கொதித்துப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோன ஓட்டுநர்கள் பலர். எஞ்சின் நன்றாக ஆறும்வரை, குறைந்தது அரை மணி நேரமாவது, அந்த மூடியைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

அந்தக் காலத்து வண்டிகளில் ஓட்டுநருக்கு நோயின் அறிகுறிகள் கண்முன்னே தெரிந்தன. 1910களிலும் 1920களிலும் ரேடியேட்டர் மூடியின்மேலேயே ஒரு வெப்பமானி நிற்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதைப் பார்த்துக்கொள்ளலாம். பானெட்டைத் திறந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எஞ்சின் ஓடினால் விசிறியும் சுழல வேண்டும், சுழலவில்லையென்றால் பழுது. இதில் ஐயத்துக்கே இடமில்லை.

நம் நாடுகளின் சாலைகளில் அக்காலத்தில் ஓடிய மோரிஸ் மைனர் வண்டியை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் விசிறியும் பெல்ட்டால் சுழல்வதுதான். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுப் பாதையில் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, எஞ்சின் ஆறும்வரை மரநிழலில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. தண்ணீர் டின் ஒன்றில்லாமல் மலைப்பயணம் கிளம்புவோர் அரிது. அதே சாலையில் வோக்ஸ்வேகன் வண்டிக்காரர் மட்டும் புன்னகையோடு கடந்து போவார். அந்த வண்டியில் ரேடியேட்டரே இல்லை; பின்புறத்திலுள்ள எஞ்சினை விசிறிக் காற்றே நேராகக் குளிர்வித்தது. ஆனால் அவருடைய விசிறியும் ஒரு பெல்ட்டையே நம்பியிருந்தது. பெல்ட் அறுந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அப்போது உடனே நிறுத்தாவிட்டால் அவருடைய புன்னகையும் மறைந்துவிடும்.

இனி, குளிர்சாதனத்தின் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் 1939ஆம் ஆண்டு நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் குளிர்சாதனம் பொருத்திய காரைக் காட்சிக்கு வைத்தது. தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார் என்ற பெருமை அதற்கு உண்டு. கூடுதல் விலை 274 டாலர். அன்றைய நிலையில் அது பெருந்தொகை. காற்றைக் குளிர்விக்கும் பகுதி பின்புறச் சாமான் அறையின் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டது. இதைவிட வியப்பான செய்தி, அதனை நிறுத்தும் முறை. குளிர் அதிகமானால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கீழே இறங்கி, பானெட்டைத் திறந்து, கம்ப்ரெஸரைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும்! 1940களின் தொடக்கத்திலேயே அந்த முயற்சி கைவிடப்பட்டது.

போருக்குப் பின்னர், 1954ஆம் ஆண்டில், நாஷ் என்ற அமெரிக்க நிறுவனம் குளிர்சாதனம் முழுவதையும் வண்டியின் முன்புறத்திலேயே அடக்கிக் காட்டியது. மின்சாரத்தால் பிடித்து விடுவிக்கும் கிளட்ச் ஒன்று கம்ப்ரெஸரில் இருந்தது. ஒரு விசையைத் தட்டினால் கம்ப்ரெஸர் ஓடும். மறுபடி தட்டினால் நிற்கும். இன்று பெட்ரோல் கார்களில் நாம் காணும் அமைப்பின் முன்னோடி இதுதான்.

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. கம்ப்ரெஸர் ஒரு வாயுவை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட வாயு கடும் சூடாகி, வண்டியின் முகப்பில் இருக்கும் கண்டென்ஸர் என்ற பகுதிக்குச் செல்கிறது. அங்கே காற்றுப் பட்டு, தன் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. அந்தத் திரவம் ஒரு நுண்ணிய வழியாகப் பாய்ந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள குளிர்ச்சுருளில் மறுபடி ஆவியாகும்போது காருக்குள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நாம் முகத்தில் உணரும் குளிர் அதுவே.

அப்படியானால், காருக்கு இப்போது இரண்டு ரேடியேட்டர்கள். ஒன்று எஞ்சினின் வெப்பத்தைக் கொட்டுகிறது. மற்றொன்று, அதாவது கண்டென்ஸர், காருக்குள்ளிருந்து வரும் வெப்பத்தைக் கொட்டுகிறது. இரண்டும் வண்டியின் முகப்பில் ஒன்றன்முன் ஒன்றாக நிற்கின்றன. முன்னால் இருப்பது கண்டென்ஸர். அது சூடாக்கி அனுப்பும் காற்றுதான் பின்னால் உள்ள ரேடியேட்டருக்குக் கிடைக்கிறது. வேறு வேறு காலத்தில் பிறந்த இந்த இரண்டு கருவிகளும் ஒரே காற்றை, பல கார்களில் ஒரே விசிறியை, பங்கு போட்டுக்கொண்டன. எஞ்சின் கொதிப்பதும் காற்று குளிராததும் ஒரே நேரத்தில் நிகழ்வதற்கு இந்தக் கூட்டுக் குடித்தனமே காரணம்.

1970களிலும் 1980களிலும் நம் பகுதிகளில் பல கார்கள் குளிர்சாதனம் இல்லாமலே விற்கப்பட்டன. வாங்கியவர் பின்னர் கடைக்குப் போய், டேஷ்போர்டின் அடியில் தொங்கும் பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொள்வார். பிள்ளைகள் பெட்டியின் முன் முகத்தை நீட்டி மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த வண்டியின் ரேடியேட்டர் குளிர்சாதனம் இல்லாத நிலைக்கென்று அளந்து செய்யப்பட்டது. அதன் முகத்துக்கு நேரே கண்டென்ஸரைக் கட்டி வைத்து, எஞ்சினுக்கும் கூடுதல் சுமை ஏற்றிவிட்டால், நெரிசலில் கொதிக்காமல் என்ன செய்யும்? அனுபவமுள்ள பட்டறைக்காரர்கள் கண்டென்ஸருக்கென்று தனியாக ஒரு மின்விசிறியைச் சேர்த்துக் கொடுத்தது இதனால்தான்.

இதே காலத்தில் விசிறியின் வரலாற்றிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1959ஆம் ஆண்டில் அலெக் இசிகோனிஸ் என்ற வல்லுநர் உருவாக்கிய மினி காரில், இடத்தைச் சேமிப்பதற்காக எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டது. முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் சிக்கனமான இத்தகைய சிறு கார்கள் உலகெங்கும் பெருகின. எஞ்சின் குறுக்காக இருந்தால், முகப்பிலுள்ள ரேடியேட்டருக்கு நேராக விசிறியைப் பெல்ட்டால் சுழற்றுவது கடினம். ஆகவே மின்விசிறி இடம்பெற்றது. அது தேவையான நேரத்தில் மட்டும் சுழல்வதால் எரிபொருளும் மிச்சமாயிற்று. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் மலேசியாவின் தேசியக் காராக வெளிவந்த புரோட்டோன் சாகா, குறுக்கு எஞ்சினும் முன்சக்கர இழுவையும் கொண்ட இந்த மரபில் வந்ததே.

மின்விசிறி வந்ததோடு ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிந்த பழைய அடையாளம் மறைந்துபோயிற்று. எஞ்சின் ஓடியும் விசிறி நின்றால் அது பழுதாகவும் இருக்கலாம்; இன்னும் சூடேறவில்லை என்பதாகவும் இருக்கலாம். எஞ்சினை அணைத்த பின்னும் சில கார்களில் விசிறி திடீரென்று சுழலும். எனவே விசிறிக்கு அருகில் கை வைப்போர் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிட வேண்டும். பழைய கார்களில் கண் சொன்னதை, புதிய கார்களில் சிந்தனையால் அறிய வேண்டியதாயிற்று.

இந்தக் கதையில் வாயுவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1930ஆம் ஆண்டில் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க வேதியியலார், அறிஞர் அவையில் புதிய குளிர்விப்பு வாயுவை மூச்சில் இழுத்து, அதை ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீயும் பற்றாது என்பதை மெய்ப்பிப்பதற்காக அப்படிச் செய்தார். ஆர்-12 என்று பெயர்பெற்ற இவ்வகை வாயு பல்லாண்டுகள் கார்களில் பயன்பட்டது. 1974ஆம் ஆண்டில் மொலினா, ரோலண்டு என்னும் இரு விஞ்ஞானிகள் இவ்வகை வாயுக்கள் வானில் உயரச் சென்று, கதிரவனின் தீங்கு தரும் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எச்சரித்தனர். 1985ஆம் ஆண்டில் அண்டார்க்டிகாவுக்கு மேலே அப்படலம் மிகவும் மெலிந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1987ஆம் ஆண்டு செப்டம்பரில் மொன்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1990களின் நடுவில் புதிய கார்கள் ஆர்-134ஏ என்ற வாயுவுக்கு மாறின.

ஓசோனுக்குத் தீங்கில்லாத அந்த வாயு, புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைப்போல் 1,300 மடங்கு அளவுக்கு வலிமையுள்ளது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதிய கார்களில் அதற்கு இடமளிக்கவில்லை. கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் ஏற்றிக்கொண்டேயிருப்பது பணத்துக்கும் கேடு, வானுக்கும் கேடு. இன்னொன்றையும் கவனியுங்கள். நம் போன்ற வெப்ப நாடுகளில் ஆர்-134ஏ, பழைய வாயுவைவிடக் கூடுதலான அழுத்தத்தில் வேலை செய்கிறது. அதாவது கண்டென்ஸருக்கு நல்ல காற்று முன்னைவிட அவசியமாகிவிட்டது. விசிறியின் பொறுப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது.

இப்போது கடற்பாலத்து ஓட்டுநரிடம் திரும்புவோம். நோயின் காரணத்தை அறிந்த பிறகே மருந்து என்பது வள்ளுவர் நமக்கு வகுத்த முறை. கார் மருத்துவத்துக்கும் அதுவே பொருந்தும். முதல் கேள்வி: தொல்லை எப்போது வருகிறது?

நிற்கும்போது மட்டும் வந்து, ஓடும்போது மறைந்தால், எதிர்க்காற்று செய்யும் வேலையை விசிறி செய்யவில்லை என்று பொருள். காற்று இல்லாததால் கண்டென்ஸரில் அழுத்தம் ஏறுகிறது, ஆபத்தைத் தவிர்க்க அழுத்த விசை கம்ப்ரெஸரை நிறுத்திவிடுகிறது, காற்று வெதுவெதுப்பாகிறது. வாயு குறைந்ததால் அன்று. இந்த நிலையில் மேலும் கேஸ் ஏற்றினால் அழுத்தம் இன்னும் கூடி, நோய் முற்றும்.

மாறாக, மலை ஏறும்போதும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதும் முள் ஏறினால், விசிறியை அதிகம் குற்றம் சொல்வதற்கில்லை. நீர் குறைந்திருக்கலாம்; ரேடியேட்டர் துருவாலும் உப்பாலும் அடைபட்டிருக்கலாம்; தெர்மோஸ்டாட் திறக்காமலிருக்கலாம்; பம்பு தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சூடு சரியாக இருந்து, ஓடினாலும் நின்றாலும் காற்று மட்டும் குளிரவில்லையென்றால், அப்போது வாயுக் கசிவையும் கம்ப்ரெஸரையும் ஆராயலாம்.

விசிறியின்மேல் ஐயம் விழுந்தால் அடுத்த சோதனை எளிது. வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, குளிர்சாதனத்தைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்துக்குள் விசிறி சுழல வேண்டும். குளிர்சாதனத்துக்குச் சுழன்று, எஞ்சின் சூட்டுக்குச் சுழலவில்லையானால், மோட்டார் நன்றாக இருக்கிறது. சூட்டை உணரும் விசையில்தான் கோளாறு. இரண்டுக்கும் சுழலவில்லையானால், முதலில் பியூஸ், பிறகு ரிலே. ரிலே என்பது விரல்நுனி அளவுள்ள சிறு பெட்டி. அதே வகை ரிலே ஒன்றை மாற்றிப் பொருத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதன்பின் மெக்கானிக் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார். அப்போதும் சுழலவில்லையென்றால் மோட்டார் போய்விட்டது. தட்டினால் சுழன்று, பிறகு நின்றுவிட்டால், உள்ளே கார்பன் துண்டுகள் தேய்ந்திருக்கும். சுழன்றும் பயனில்லையென்றால், கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்டு விசிறி எதிர்த்திசையில் சுழல்கிறதா என்று பாருங்கள். கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இலையும் பூச்சியும் தூசும் அடைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ரேடியேட்டரில் நீர் மிகவும் குறைந்துவிட்டால், சூட்டை உணரும் விசை நீரில் நனையாமல் நிற்கும். எஞ்சின் கொதித்தாலும் அதற்குத் தெரியாது, விசிறியும் சுழலாது, சில வேளைகளில் முள்கூட உண்மையைக் காட்டாது. ஆகவே, வேறெதையும் பார்க்குமுன், எஞ்சின் ஆறிய நிலையில் நீர் மட்டத்தைப் பார்ப்பது முதற்கடமை. குளிர் நாடுகளில் நீர் உறையாமலிருக்கச் சேர்த்த கூலண்ட் நமக்கு எதற்கு என்று சிலர் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவருகிறார்கள். இங்கே பனி இல்லை, உண்மை, துரு இருக்கிறதே! கூலண்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். வண்டியின் அடியில் நீர் சொட்டினாலும் பயப்படுவதற்குமுன் தொட்டுப் பாருங்கள். நிறமற்ற குளிர்ந்த நீரானால், குளிர்ச்சுருளில் படிந்த ஈரப்பதம், அது இயல்பு. பச்சையாகவோ சிவப்பாகவோ, வழவழப்பாக இருந்தால், கூலண்ட் கசிகிறது.

நடுவழியில் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் என்ன செய்வது? முதலில் குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். கண்டென்ஸர் வெப்பம் கொட்டுவது நிற்கும்; எஞ்சினின் சுமையும் குறையும். ஏற்றம் நின்றுவிடவில்லையென்றால், பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போய்விடலாம் என்ற எண்ணம் வேண்டாம். பழைய எஞ்சின்களின் தலைப்பகுதி வார்ப்பிரும்பு, ஓரளவு தாங்கும். பிற்கால எஞ்சின்களில் அது அலுமினியம். அதிக சூட்டில் வளைந்துவிடும். சிறு ரிலே ஒன்றோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, எஞ்சினையே பிரித்துப் பார்க்கும் செலவாகிவிடும். கொதிக்கும் எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு; உலோகம் விரிசல் காணும்.

எஞ்சினே இல்லாத மின்சாரக் கார்கள் இன்று சாலைக்கு வந்துவிட்டன. அவற்றிலும் பேட்டரி சூடேறுகிறது. அதை ஆற்றவும் நீர்ம ஓட்டம் உண்டு. பல கார்களில் குளிர்சாதன வாயுவே அந்த வேலையிலும் பங்கேற்கிறது. முகப்பில் விசிறி இன்னும் இருக்கிறது. நிற்கும் வண்டிக்குக் காற்று வேண்டும் என்று மைபாக் 1900ஆம் ஆண்டில் கண்ட தேவை மாறவில்லை.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை உங்கள் கார் நெரிசலில் வெதுவெதுப்பான காற்றை வீசினால், பட்டறைக்காரரிடம் “கேஸ் ஏற்றுங்கள்” என்று சொல்லாதீர்கள். “நிற்கும்போது குளிரவில்லை, ஓடும்போது குளிர்கிறது, சூட்டு முள்ளும் ஏறுகிறது” என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அந்த ஒரு சொல்லிலேயே விசிறியை நோக்கி நடப்பார். உங்கள் பணமும் மிஞ்சும், எஞ்சினும் பிழைக்கும், பின் இருக்கையில் குழந்தையும் உறங்கும்.